சோறு போட முடியாத கிண்ணம்

லேத் என்றால் சுற்றும். சுற்றுவதை உளியால் தொட்டால் உருண்டையாகத்தான் வரும். இது தெரிய அதிகம் படிக்க வேண்டியதில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கே தெரியும்.

புதுச்சேரியில், சாரம் பக்கம் என் பட்டறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு மோட்டார், ஒரு மரக்கடைசல் மெஷின். கட்டில் கால், மாடிப்படிக் கைப்பிடிக் கட்டை, சப்பாத்திக் கட்டை, சாமி படத்துக்கு முன்னால் வைக்கிற சின்னப் பீடம். எல்லாம் உருண்டை. இரண்டாயிரத்துக்குப் பிறகு ரெட்டியார்பாளையம் பக்கம் வீடாக எழும்பிக்கொண்டிருந்தது. வீடு கட்டுகிறவன் ஒவ்வொருவனும் படிக்குக் கட்டை கேட்டு வந்தான். அவன் வீட்டுப் படி என்னவோ அரண்மனைக்குப் போகிறது போலப் பேசுவான். பதினாறு படி ஏறினால் மொட்டை மாடி. அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடுகிற கயிறு. அதற்கு இத்தனை பேச்சு.

ஆனாலும் அவர்கள் கேட்டது உருண்டை. லேத்தில் சதுரம் கேட்டவன் ஒருத்தன்தான். அவன் என் தங்கச்சி புருஷன்.

அவனை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். மரியாதைக்கு. வேறு காரணம் கிடையாது. எந்த வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தான். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தான், உள்ளே போகிறவனிடம் கதையின் முடிவைச் சொன்னான், போய்விட்டது. பிராந்திக் கடையில் நின்றான். குடிக்காத ஆள்தான் வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். இவன் குடிக்க மாட்டான். கடைக்கு வருகிறவனிடம் "இத்த ஏன்ணே குடிக்கிறீங்க, ஈரல் வீணாப்பூடும்" என்று பேச ஆரம்பித்தான். அதுவும் போய்விட்டது. கையால் கெட்ட வேலை ஒன்றும் இல்லை. எல்லாம் வாயால்.

கடைசியில் கடற்கரைப் பக்கம், பிரெஞ்சுத் தெருவில் ஒரு சாமான் கடையில் சேர்ந்தான். மஞ்சள் சுவர், உள்ளே சின்னச் சின்ன விளக்கு. நம் வீட்டுப் பரணில் கிடக்கிறதைத் துடைத்து, மேலே வெளிச்சம் போட்டு வைத்திருந்தார்கள். அரிசி அளக்கிற படியில் குடையைச் சொருகி வைத்திருந்தார்கள். அம்மிக் குழவியை ஒரு பட்டுத் துணிமேல் படுக்க வைத்திருந்தார்கள். பார்த்து ரசிக்கவாம். இவன் பின்கட்டில் சாமான்களைக் காகிதம் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிறவன். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள்.

கடைக்காரம்மாவை எல்லோரும் மதாம் என்பார்கள். வெள்ளைக்காரி இல்லை. நம்ம ஊர் சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அந்தம்மா கொஞ்ச வருஷம் பாரிஸில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டாள். இதெல்லாம் மாப்பிள்ளை சொன்னது. பாதி கழித்துக்கொள்ள வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை வந்தான். கையில் ஒரு காகிதம். காகிதத்தில் ஒரு படம்.

"மச்சான், இத்த பாருங்க."

பார்த்தேன். கிண்ணம். சதுரம். நான்கு மூலையும் மேலே தூக்கிக்கொண்டு, தும்பைப் பூ இதழ் மாதிரி மெல்லிசாக. நடுவில் மட்டும் ஒரு சின்னக் குழி.

"இதுக்கு என்ன?"

"இத்த கடையணும்."

"இது சதுரம்டா."

"தெரியும் மச்சான். லேத்துலதான் கடையுறாங்களாம். வெளிநாட்டுல. மதாம் ஒண்ணு வச்சிருக்கு. நான் தொட்டுப் பாத்தேன். அப்பளம் கனம்தான் இருக்குது."

"அதுல என்ன வைப்பாங்க?"

"ஒண்ணும் வக்க மாட்டாங்க."

"அப்ப எதுக்கு?"

"மச்சான், நீங்க கட்டில் காலையே நெனச்சிக்கினு இருக்கீங்க."

சோறு போட்டால் நான்கு பக்கமும் வழியும். குழம்பு ஊற்றினால் மடியில் வரும். மூலையைப் பிடித்துத் தூக்கினால் மூலை கையோடு வந்துவிடும். இப்படி ஒரு கிண்ணத்தை நம் ஆள் செய்தால் பைத்தியம் என்பார்கள். வெளிநாட்டுக்காரன் செய்தால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். நான் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அவன் வாங்கவில்லை. அங்கேயே நின்றான். வாயை மூடிக்கொண்டு நின்றான். அவன் வாயை மூடினால் ஏதோ செய்துவிட்டு வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

"என்னடா பண்ணின?"

"இத்த யாராவது செய்வாங்களான்னு மதாம் கேட்டுச்சு. நான் செய்வேன்னு சொல்லிட்டேன்."

"நான்னா?"

"நான்தான். எங்க பட்டறை சாரத்துல கீதுன்னு சொன்னேன். நானே கடைவேன்னு சொன்னேன். அது வாயத் தொறந்துட்டுப் பாத்துச்சா, எனக்கும் சந்தோஷமாப் பூடுச்சு. சனிக்கெழம பட்டறைக்கு வருதாம். கிண்ணத்தப் பாக்க. சரியா இருந்தா நிரந்தரம். பொய்யின்னா திங்கக்கெழம வராதேன்னு சொல்லிடுச்சு."

இவனுக்கு உளியின் எந்தப் பக்கம் வெட்டும் என்றுகூடத் தெரியாது.

அன்று சாயங்காலம் தங்கச்சி வந்தாள். அவள் அழமாட்டாள். எங்கள் வீட்டில் யாரும் அழமாட்டோம். தண்ணீர் வாங்கிக் குடித்தாள். சொம்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இவரு போன வாரமே ஊட்டு ஓனருகிட்ட ஏதோ பேசிட்டாரு. இந்த வேலையும் போச்சின்னா அங்க இருக்க உடமாட்டாங்க. பெட்டிய எடுத்துக்கினு இங்கதான் வருவேன். அவரையும் இட்டுக்கினு."

என் வீடு ஒரு அறையும் ஒரு சமையல்கட்டும். நான், என் வீட்டுக்காரி, இரண்டு பெண்கள். முன்னே ஒருமுறை இவர்கள் வந்து நான்கு மாதம் இருந்தார்கள். மாப்பிள்ளை விடிவதற்கு முன்னால் எழுந்து ரேடியோவோடு சேர்ந்து செய்தி சொல்லுவான். நான் சவரம் செய்யும்போது பக்கத்தில் நின்று கன்னத்தில் விட்ட இடத்தைக் காட்டுவான். என் வீட்டுக்காரி ரசம் வைத்தால் ரசத்தைப் பற்றிப் பேசுவான். நான்கு மாதத்தில் எனக்குப் பத்து வயது கூடிவிட்டது.

தங்கச்சி போனபிறகு என் வீட்டுக்காரி சொன்னாள், "பெட்டி மட்டும் வந்தா பரவால்ல."

அவ்வளவுதான். புதன்கிழமை காலையில் மரம் எடுத்தேன்.

வெப்பாலை மரம். வெள்ளையாக, நெருக்கமாக இருக்கும். பொம்மைக்குக் கடைகிற மரம். ஆறு அங்குலத்துக்குச் சதுரமாக அறுத்து இழைத்து, நடுவில் தகடு வைத்துத் திருகாணி போட்டு மெஷினில் மாட்டினேன். சுற்ற விட்டேன்.

சதுரம் சுற்றும்போது சதுரமாகத் தெரியாது. நடுவில் கெட்டியாக ஒரு வட்டம் தெரியும். அதைச் சுற்றி ஒரு புகை மாதிரி இருக்கும். அந்தப் புகைதான் மூலைகள். பார்த்தால் ஒன்றுமில்லை போல இருக்கும். கை வைத்தால் இருக்கிறது என்று தெரியும். உளியை வைத்தால் மரம், காற்று, மரம், காற்று என்று தட்டிக்கொண்டே இருக்கும். உருண்டையை வெட்டும்போது உளி மரத்தின்மேல் சாய்ந்து ஓடும். இதில் சாய எதுவும் இல்லை. சாய்ந்தால் காற்றில் விழுந்து, அடுத்த மூலை வந்து உளியை அடிக்கும்.

அடித்தது. பாதிக்கு வந்திருந்த கிண்ணம் நான்காகப் போனது. ஒரு துண்டு கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்து வழியாகப் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விட்டது.

பக்கத்துப் பட்டறை பாயுடையது. கதவு, ஜன்னல் செய்கிறவர். துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"மேஸ்திரி, உங்க சாமான் ஒண்ணு எங்கூட்டுக்கு வந்துச்சு. ஒக்கார வச்சி டீ குடுக்கலாம்னு பாத்தேன். நிக்காம ஜன்னல் கண்ணாடி வரைக்கும் போயிடுச்சு."

"உடைஞ்சிதா?"

"கண்ணாடியா? இல்ல. என் உசுருதான் கொஞ்சம்." மெஷினைப் பார்த்தார். "என்ன இது? கட்டில் காலுக்குக் கோவம் வந்துடுச்சா?"

சொன்னேன். பாய் சிரிக்க ஆரம்பித்தார். மாப்பிள்ளையை அவருக்குத் தெரியும். கதவுக்கு எத்தனை கீல் போட வேண்டும் என்று அவருக்கே பாடம் சொன்னவன்.

"அவன் சொன்ன பொய்ய நீ நெசமாக்கணும். நல்ல பொழப்பு. நாலு பக்கமும் வேத்துக் கட்டைய ஒட்டி உருண்டையாக்கிட்டுக் கடைஞ்சுட்டு அப்பறம் அறுத்து எடுத்துடேன்."

யோசித்தேன். நல்ல யோசனைதான். ஆனால் அப்பளக் கனத்தில் ரம்பம் ஓட்டினால் ஓரம் பிசிறிப் போகும். தவிர, அது பாய் சொன்ன யோசனை. செய்தால் சாகிறவரைக்கும் சொல்லிக் காட்டுவார்.

"வேணாம் பாய்."

"திமிரு."

"ஆமாம்."

வியாழக்கிழமை இரண்டாவது. இந்தமுறை பெல்ட்டை மாற்றி வேகத்தைக் கூட்டினேன். வேகம் கூடினால் காற்று குறையும். மூலைக்கும் மூலைக்கும் நடுவில் உளி விழ நேரம் இருக்காது. உளியைச் சாணையில் பிடித்து, பிறகு கல்லில் தேய்த்து, கைமயிர் வழிக்கிற அளவுக்குக் கூராக்கினேன். உளியை மரத்தின்மேல் சாய்க்கவில்லை. தாங்குக் கட்டையின்மேல் அழுத்தி, என் இடுப்போடு சேர்த்துக்கொண்டேன். மரம் வந்தால் வெட்டும். வராவிட்டால் அங்கேயே நிற்கும். பஸ்ஸுக்கு நிற்பது போல.

தாங்குக் கட்டையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோட்டைத் தாண்டி என் விரல் போகக்கூடாது. தாண்டினால் புகைக்குள் போய்விடும்.

அடிப்பக்கம் முடிந்தது. திருப்பி மாட்டி மேல்பக்கம் கடைந்தேன். நிறுத்தி நிறுத்தி விரலால் கனம் பார்த்தேன். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும், அளக்கிற சாமான் வேண்டாம். கனம் குறையக் குறைய மூலை நடுங்கும். நடுங்கினால் சத்தம் மாறும். ஒரு சீட்டி மாதிரி. அந்தச் சீட்டியைக் கேட்டும் இன்னும் ஒருமுறை சீவினேன். பேராசை. மூன்று மூலை நின்றது. நாலாவது மூலை போய்விட்டது.

மாப்பிள்ளை அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வந்தான். மூன்று மூலைக் கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"மச்சான், நல்லாத்தானே கீது. மூணு மூலைக்காரக் கிண்ணம்னு சொல்லிக்கலாம். புதுசா இருக்கும்."

"வெளிய போ."

"இல்ல மச்சான், சனிக்கெழம வர்றதுக்குள்ள எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க. மதாம் என்னக் கடையச் சொல்லிட்டா?"

"செத்துடுவ."

"அது தெரியும். எப்படி நிக்கணும், எத்தப் புடிக்கணும், அத்த மட்டும்."

நின்று காட்டினேன். அவன் நின்றான். உளியைக் கரண்டி மாதிரி பிடித்தான். வெள்ளைச் சட்டையில் ஒரு தூசி விழுந்தது, தட்டிவிட்டான். அந்தத் தூசியைத் தட்டியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தம்மா குருடியாக இருந்தால்தான் பிழைப்பான்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது. கடைசி மரம். இனி அறுக்க வெப்பாலை இல்லை.

பட்டறைக் கதவைச் சாத்தினேன். வெளிச்சம் குறையட்டும் என்று. மெஷினுக்குப் பின்னால் ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். வெள்ளை மரம் மெல்லிசாகிற இடத்தில் வெளிச்சம் உள்ளே வரும். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பழுத்த பப்பாளி மாதிரி ஒரு நிறம். இன்னும் சீவினால் மஞ்சள். எல்லா இடமும் ஒரே நிறமாக வந்தால் எல்லா இடமும் ஒரே கனம். வெளியிலிருந்து உள்ளே, ஒவ்வொரு இரண்டு விரல்கடை அகலத்தையும் முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். திரும்ப ஓரத்துக்கு வரவில்லை. முன்னே அதுதான் தப்பு. மெல்லிசான பிறகு ஓரத்தைத் தொடக்கூடாது, அது நடுங்க ஆரம்பித்துவிடும்.

கரண்ட் போகக்கூடாது என்று நினைத்தேன். போகவில்லை. வெள்ளிக்கிழமை என்பதாலோ என்னவோ.

மத்தியானத்துக்கு மேல் நடுக்குழியை முடித்தேன். உளியைக் கீழே வைத்தேன். பல்பு வெளிச்சத்தில் புகை மஞ்சளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சீட்டி இல்லை. நடுக்கம் இல்லை. இருபது வருஷத்தில் அப்படி ஒன்றை நான் கடைந்ததில்லை. உதவாத சாமான்தான். ஆனால் சுத்தம்.

அடுத்து நடந்ததைச் செய்ய முட்டாளாக இருந்தால் போதாது. கடைசல்காரனாகவும் இருக்க வேண்டும்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம். எதைக் கடைந்தாலும், முடிந்ததும் கீழே கிடக்கிற மரச்சுருளை ஒரு கை அள்ளி, மெஷின் ஓடும்போதே மரத்தின்மேல் வைத்து அழுத்துவோம். அதே மரத்தின் சுருள் அதே மரத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கும். உப்புக் காகிதம் பிறகுதான். கட்டில் கால் ஒவ்வொன்றுக்கும் செய்தது. சப்பாத்திக் கட்டை ஒவ்வொன்றுக்கும் செய்தது. உளி கீழே போனால் கை தானாகக் குனிந்து சுருளை அள்ளும். கேட்டுக்கொண்டு செய்கிறதில்லை.

அள்ளினேன். வைத்தேன். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தேன்.

சாக்பீஸ் கோடு உளி பிடிக்கிற கைக்குத்தான் போட்டிருந்தேன். சுருள் பிடித்த கை தாங்குக் கட்டைப் பக்கமே வராது. அது நேரே புகைக்குள் போனது.

சத்தம் பெரிதாக இல்லை. கிழிந்த துணி படபடக்கிற மாதிரி. கையைப் பின்னால் இழுத்துவிட்டேன். மூன்று விரல் முட்டியிலும் தோல் இல்லை. நடுவிரல் முட்டியில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மெஷினை நிறுத்தினேன். கிண்ணத்தைத்தான் முதலில் பார்த்தேன்.

மூலை உடையவில்லை. அந்த அளவுக்குச் சரியாகக் கடைந்திருந்தேன். ஒரு மூலை மட்டும் சிவந்திருந்தது.

பாய் சத்தம் இல்லாததைக் கேட்டு வந்தார். கதவைத் திறந்தார். கையைப் பார்த்தார். கீழே கிடந்த சுருளைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"சுருள் வச்சியா?"

"ஆமாம்."

"சதுரத்துக்கு?"

"ஆமாம்."

"உன் மாப்பிள்ளையவா நீ முட்டாள்னு சொல்லிட்டு இருந்த?"

அவர் ஸ்கூட்டரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான்கு தையல். தையல் போட்டவர் எதில் பட்டது என்று கேட்டார். கிண்ணத்தில் என்றேன். கண்ணாடியா என்றார். மரம் என்றேன். குனிந்து ஊசியைக் கோத்தார்.

கிண்ணத்தைக் கழற்றி இடது கையால் உப்புக் காகிதம் போட்டேன். மற்ற இடமெல்லாம் வெள்ளையாக வந்தது. அந்த மூலை மட்டும் போகவில்லை. மரம் குடித்துவிட்டது. இன்னும் தேய்த்தால் கனம் போய்விடும். விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை காலை மதாம் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, வெட்டிய தலைமுடி, கண்ணாடி கயிற்றில் தொங்கியது. இந்த மாதிரி ஆள் அம்மிக் குழவியைப் பட்டுத்துணியில் படுக்க வைக்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை லேத்துக்கு முன்னால் நின்றான். என் பழைய சட்டையைப் போட்டிருந்தான். தலையில் கொஞ்சம் மரத்தூள் தூவியிருந்தான். தூவியதை நானே பார்த்தேன். நான் மூலையில், கட்டுப்போட்ட கையோடு, முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"பொன்ழூர் மதாம், வாங்க. இதுதான் நம்ம பட்டறை. இவங்க எங்க மச்சான். ஒத்தாசைக்கு இருக்காங்க."

ஒத்தாசைக்கு. சரி.

மதாம் கிண்ணத்தை எடுத்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. பப்பாளி நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்தது. மெதுவாகத் திருப்பினாள். அந்த மூலையில் நிறுத்தினாள்.

"இது என்ன சாயம்?"

நான் வாயைத் திறக்குமுன் அவன் திறந்துவிட்டான்.

"காவி மதாம். சாரத்துக் கடைசல்காரங்க வழக்கம். நாலு மூலையில ஒரு மூலைக்கு மட்டும் காவி வப்போம். கண்ணு படாம இருக்க. எங்க தாத்தா காலத்துலேர்ந்து."

அவன் தாத்தா உழவர்கரையில் மாடு வைத்துப் பால் கறந்தவர்.

"அழகா இருக்கு," என்றாள் மதாம். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "உங்க கையக் காட்டுங்க."

"யாரு, நானா மதாம்?"

"கடைஞ்சது நீங்கதானே."

கையை நீட்டினான். திருப்பிப் பார்த்தாள். அந்தக் கையில் பெட்டி ஒட்டுகிற டேப்பின் பசை தவிர ஒன்றும் கிடையாது. குழந்தை கை மாதிரி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"முசியே, உங்க கையில என்ன?"

பொய் சொல்ல எனக்கு வராது. நேரம் எடுக்கும்.

"மூல பட்டுச்சு," என்றேன்.

"ஒத்தாசைக்கு இருக்கிறவருக்கு மூல படுமா?"

பாய் அவர் பட்டறையில் சுத்தி அடிப்பதை நிறுத்திவிட்டார். சந்து வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று பிறகு சொன்னார். மதாம் கிண்ணத்தைத் திரும்ப எடுத்தாள். சிவந்த மூலையைப் பார்த்தாள். என் கைக்கட்டைப் பார்த்தாள்.

"அப்ப இது காவி இல்ல."

நான் தங்கச்சியின் பெட்டியை நினைத்தேன். பச்சை டிரங்குப் பெட்டி. எங்கள் அறையில் அதை வைக்க ஒரே இடம்தான், என் தலைமாட்டில். அதற்குப் பக்கத்தில் ரேடியோ. ரேடியோவுக்குப் பக்கத்தில் இவன்.

மாப்பிள்ளை தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டான்.

"காவி மாதிரி மதாம்," என்றான். "பாருங்க, கை அவங்களுது. வாய் என்னுது. ஒரு பட்டறைக்கு ரெண்டும் வேணும்ல? அவங்க கடைஞ்சத அவங்களே விக்கச் சொல்லுங்க பாப்போம். வாங்க வர்றவங்ககிட்ட இது எதுக்கும் ஒதவாதுன்னு சொல்லி அனுப்பிடுவாங்க."

அது உண்மை. நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மதாம் சிரித்தாள். சிரிப்பு வந்ததை அவளே எதிர்பார்க்கவில்லை போல, கையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு மாசமா உங்களப் பின்கட்டுல பேக்கிங்ல வச்சிருக்கேன். என் தப்புதான். திங்கக்கெழமலேர்ந்து முன்னால நில்லுங்க. வர்றவங்ககிட்ட பேசுங்க. எங்கிட்ட மட்டும் பேசாதீங்க."

"நிரந்தரமா மதாம்?"

"நிரந்தரம்."

என்னிடம் ஆறு கிண்ணம் சொன்னாள். கை ஆறினபிறகு போதும் என்றாள். ஒரு மூலையில் சிவப்பு வேண்டும், ஆனால் காவியே வையுங்கள் என்றாள். போகும்போது ஒரு வார்த்தை சொன்னாள்: "பாரிஸ்ல நான் வாங்கினதுல வெளிச்சம் இப்படி ஒரே சீரா வரல." நான் அவளைப் பற்றி நினைத்ததில் பாதியைக் கழித்துக்கொண்டேன். குழவி விஷயத்தைக் கழிக்கவில்லை.

கை ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நடுவிரல் இப்போதும் முழுக்க மடங்காது. ஆறும் கடைந்தேன். ஒன்றுக்கும் சுருள் வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் உளியைக் கீழே வைத்தவுடன் கை குனியத்தான் செய்தது. குனிந்த கையை முழங்காலுக்கு நடுவில் வைத்து இறுக்கிக்கொண்டு, மெஷின் நிற்கிறவரைக்கும் நின்றேன். பாய் அதைப் பார்த்துவிட்டு, மேஸ்திரிக்குக் குளிர் காய்ச்சல் என்று தெருவெல்லாம் சொன்னார்.

செங்கல்லைத் தேய்த்துக் காவி வைத்தேன். தாத்தா காலத்து வழக்கம்.

பெட்டி தங்கச்சி வீட்டிலேயே இருந்துவிட்டது. மூன்று மூலைக் கிண்ணத்தை அவள் எடுத்துப்போனாள். உடைந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்து, அதில் கொண்டை ஊசி போடுகிறாள். அந்தக் கிண்ணத்துக்கு நான் பார்த்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

கடைசியாக ஒன்று. ஆறாவது கிண்ணத்தைக் கொடுக்க நானே கடைக்குப் போனேன். மாப்பிள்ளை முன்னால் நின்றிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் பிரெஞ்சு, மிச்சம் கை. நான் கடைந்த கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து மூலையைக் காட்டினான். கண்ணு, தாத்தா, காவி எல்லாம் வந்தது. கூடவே ஒரு கோயிலும் வந்தது. கோயில் புதுசு.

என்னைப் பார்த்தான். கண் சிமிட்டவில்லை. கூச்சப்படவும் இல்லை.

"அதோ, எங்க மச்சான். அவங்கதான் காவி வக்கிறவங்க."

அந்தம்மா என்னைக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். தழும்பு உள்ள கையை மற்றக் கைக்குப் பின்னால் வைத்துக் கும்பிட்டேன். அவள் ஏதோ கேட்டாள். இதில் என்ன வைக்க வேண்டும் என்று கேட்கிறாள் என்று மாப்பிள்ளை சொன்னான். சொல்லிவிட்டுக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினான். அவன் தன் பேச்சை இன்னொருத்தருக்கு விட்டு நான் பார்த்தது அன்றுதான். என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் வக்காதீங்க," என்றேன்.

நான் சொன்னது இரண்டு வார்த்தை. அதை அவன் ஐந்து நிமிஷம் சொன்னான். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கிண்ணம் வாங்கிப்போனாள்.